முட்டையின் வயது

கீரை வாடினால் இலை தொங்கும். கத்தரிக்காய் நாட்பட்டால் தோல் சுருங்கும். மீன் பழையதானால் கண் குழிந்து செவுளின் நிறம் மாறும். சந்தைக்குச் செல்வோர்க்கு இப்பொருள்கள் எல்லாம் தம் நிலையைத் தாமே எடுத்துரைக்கின்றன. முட்டை ஒன்றே வாய் திறவாதது. இன்று காலையில் இட்ட முட்டையும், ஒரு திங்களுக்கு முன் இட்ட முட்டையும் ஒரே தட்டில் அருகருகே அமர்ந்திருந்தால், இரண்டும் உடன்பிறந்தவை போலவே தோன்றும். அதே வெண்மை; அதே வடிவு; அதே அமைதி. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அப்பழமொழி முட்டையிடம் செல்லாது.

ஆயினும் முட்டையின் அகத்தை அறியாமல் அதை வாங்குவதும் உண்பதும் கூடா. குறைந்த விலையில் நிறைந்த ஊட்டம் தரும் உணவுகளுள் முட்டை ஒன்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. நோயினின்று தேறுவோர்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும், வளரும் பிள்ளைகளுக்கும் மருத்துவர் இதனைப் பரிந்துரைப்பர். தமிழ்நாட்டில் 1956 ஆம் ஆண்டு காமராசர் காலத்தில் விரிவாகத் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டம், 1982 ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 1989 இல் கலைஞர் ஆட்சியில் முட்டையும் அவ்வுணவில் இடம் பெற்றது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் தட்டில் வந்து விழும் அந்த ஒரு முட்டை நல்லதாக இருத்தல் வேண்டும் என்பது சிறிய செய்தியன்று.

முட்டையின் வயதை அறிய வேண்டுமாயின், முதலில் அதன் அமைப்பை அறிதல் வேண்டும். முட்டையின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. கண்ணுக்கு அது மூடிய சுவர் போலத் தோன்றினும், உண்மையில் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. உள்ளே குஞ்சு வளர்ந்தால் அது மூச்சு விட வேண்டும் அல்லவா? அதற்காக இயற்கை வைத்த சாளரங்கள் அவை. அச்சாளரங்களின்மேல் மெல்லிய பூச்சு ஒன்றும் உண்டு. அது நீர் வெளியேறுவதைக் குறைக்கும்; நுண்ணுயிர்கள் உட்புகாமலும் காக்கும். ஓட்டின் உட்புறத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றுக்குள் வெண்கருவும், அதன் நடுவே மஞ்சள் கருவும் உள்ளன. வெண்கருவில் நீர்த்த பகுதி ஒன்றும், கூழ் போல் திரண்ட பகுதி ஒன்றும் இருக்கும். மஞ்சள் கரு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதபடி, முறுக்கிய வெள்ளைக் கயிறு போன்ற இரண்டு இழைகள் அதனை இருபுறமும் பிடித்து நிறுத்துகின்றன.

கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியசு. அவ்வளவு வெப்பத்தோடு வெளிவந்த முட்டை, வெளிக்காற்றில் ஆறும்போது உள்ளிருக்கும் பொருள் சற்றே சுருங்குகிறது. அவ்வாறு சுருங்கிய இடத்தை நிரப்பக் காற்று உட்புகுகிறது. முட்டையின் அகன்ற முனையில் இரண்டு சவ்வுகளும் பிரிந்து, அங்கே ஒரு சிறு காற்றறை தோன்றுகிறது. முட்டையின் வயதைச் சொல்லும் கடிகாரம் இந்தக் காற்றறையே. நாள்கள் செல்லச் செல்ல, ஓட்டின் துளைகள் வழியே முட்டையின் நீர் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறும். நீர் வெளியேற வெளியேறக் காற்றறை பெரிதாகும். அதே துளைகள் வழியே கரியமில வாயுவும் வெளியேறும். அதனால் வெண்கருவின் காரத்தன்மை மிகும். திரண்டிருந்த பகுதி நீர்த்துப் போகும். மஞ்சள் கருவைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறை வலுவிழக்கும். குன்று போல் நிமிர்ந்திருந்த அக்கரு தட்டையாகும். வெப்பம் மிகுந்தால் இம்மாற்றங்கள் எல்லாம் விரைந்து நிகழும். குளிரில் மெல்ல நிகழும். ஆகவே, முட்டைக்கு வயதைக் கூட்டுவது நாள் மட்டுமன்று, வெயிலும் கூட்டும்.

இவ்வுண்மை ஒரு சிறுவனுக்கு விளங்கிய வரலாறு இங்கே கூறத்தக்கது.

நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எட்டாம் வகுப்பில் படித்து வந்தான் அச்சிறுவன். கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் அது. ஆயினும் பண்ணை உள்ள நாட்டில் எல்லார் வீட்டிலும் முட்டை நிறைந்திருக்கும் என்று எண்ணுதல் தவறு. அவன் தந்தை விசைத்தறியில் கூலிக்கு வேலை செய்தார். அவ்வாண்டு சித்திரைத் திங்களில் அவன் அக்காள் நச்சுக் காய்ச்சலில் கிடந்து, ஒருவாறு எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தாள். நாள்தோறும் ஒரு முட்டை கொடுக்குமாறு மருத்துவர் கூறியிருந்தார். கூலிப் பணத்தில் கடனுக்குப் போக எஞ்சியதைக் கணக்கிட்டு, ஆறு முட்டைக்கு உரிய காசைத் தாய் மகன் கையில் கொடுத்தாள்.

சிறுவன் கடைக்குச் சென்று ஆறு முட்டைகளை வாங்கி வந்தான். வீட்டில் அவன் தாயைப் பெற்ற பாட்டி இருந்தார். கொங்கு நாட்டில் அவரை அம்மாயி என்று அழைப்பர். அம்மாயி முட்டைகளைக் கையில் வாங்கினார். ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, முட்டைகளை மெல்ல அதில் இட்டார். இரண்டு முட்டைகள் அடியில் படுத்துக்கொண்டன. மூன்று முட்டைகள் அகன்ற முனை மேலே எழ, அடியிலேயே நிமிர்ந்து நின்றன. ஒன்று நீரின்மேல் வந்து மிதந்தது.

சிறுவனின் முகம் வாடியது. பின்பு சினத்தால் சிவந்தது. “அம்மாயி! நான்கு முட்டைகள் கெட்டுப் போயின. கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார். அத்தனையையும் கொண்டு போய் அவர் முன்னே கொட்டிவிட்டு வருகிறேன்” என்றான்.

“பொறு, கண்ணு. நீர் சொன்னது என்ன, நீயாகச் சொல்வது என்ன என்று பிரித்துப் பார்” என்றார் அம்மாயி. “படுத்தது இளசு, நின்றது மூத்தது, மிதந்தது கிழடு. நீர் இவ்வளவுதான் சொன்னது. கெட்டது எது என்று அது சொல்லவில்லை. அதை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.”

அவர் மிதந்த முட்டையை முற்றத்துக்குக் கொண்டு சென்று, ஒரு கிண்ணத்தில் தனியே உடைத்தார். உடைத்த அளவிலே தீநாற்றம் எழுந்தது. உள்ளே வெள்ளையும் மஞ்சளும் கலங்கி ஒன்றாகிக் கிடந்தன. அது கூழ்முட்டை. அம்மாயி அதனைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கிண்ணத்தையும் கைகளையும் நன்றாகக் கழுவினார். பிறகு நின்ற முட்டைகளுள் ஒன்றை வேறொரு கிண்ணத்தில் உடைத்தார். வெண்கரு நீர் போல் பரவியது, மஞ்சள் கரு தட்டையாக இருந்தது, ஆனால் நாற்றம் சிறிதும் இல்லை, நிறமும் மாறவில்லை.

“பார்த்தாயா? இதற்கு வயதாகிவிட்டது. ஆனாலும் கெடவில்லை. இன்றைக்கே நன்றாக வேக வைத்தால் உண்ணலாம். நாளைக்கு என்று வைத்தால் வீண். படுத்த இரண்டும் உன் அக்காளுக்கு. நின்ற மூன்றும் இன்று நமக்கு. நீ சொன்னபடி நான்கையும் கொட்டியிருந்தால் உன் அப்பனின் கூலியில் மூன்று முட்டைக் காசு மண்ணில் போயிருக்கும். ஒன்றையும் பாராமல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் உடைத்திருந்தால், அந்த ஒன்று மற்ற ஐந்தையும் கெடுத்திருக்கும்” என்றார்.

அம்மாயி பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர். ஆனால் இளமையில் நாட்டுக்கோழி வளர்த்தவர். அடை வைக்கும் முட்டைகளைத் தேர்ந்தெடுத்துப் பழகியவர். கோழி இருபத்தொரு நாள் அடைகாத்த பின்னும் பொரியாமல் கிடப்பவையே கூழ்முட்டைகள். முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், தானியப் பானைக்குள் குளிர்ச்சியாகப் புதைத்து வைப்பதும் அவர் கைப்பழக்கங்கள். அவர் கண்ணால் கண்ட அதே செய்தியை அறிவியல் அளவு கோலால் காண்கிறது. அமெரிக்க நாட்டு அறிஞர் ரேமண்ட் ஹா என்பவர், 1937 ஆம் ஆண்டில், உடைத்த முட்டையின் திரண்ட வெண்கரு எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை அளந்து, அதனை முட்டையின் எடையோடு சேர்த்துக் கணக்கிட்டு, முட்டையின் தரத்தை எண்ணால் குறிக்கும் முறையை வகுத்தார். இன்றும் அவர் பெயராலேயே அவ்வளவு வழங்குகிறது. தட்டையான தட்டில் முட்டையை உடைத்து, வெள்ளை திரண்டு நிற்கிறதா, பரந்து ஓடுகிறதா என்று பார்க்கும் இல்லத்தரசியும் ஹா செய்த சோதனையையே கருவியின்றிச் செய்கிறாள்.

கடையில் முட்டையை உடைத்துப் பார்க்க இயலாது. நீர்ப் பாத்திரமும் அங்கே இராது. அங்கே வேறு குறிப்புகளால் தெளிதல் வேண்டும். முதலில் முட்டையைப் பார்ப்பதற்கு முன் கடையைப் பார்க்க வேண்டும். முட்டைத் தட்டுகள் வெயிலில் இருக்கின்றனவா, நிழலில் இருக்கின்றனவா? நாள்தோறும் முட்டை விற்றுத் தீரும் கடையா, பல நாள் தேங்கும் கடையா? மண்ணெண்ணெய் போன்ற மணமுள்ள பொருள்கள் பக்கத்தில் உள்ளனவா? நுண்துளைகள் வழியே முட்டை பிற மணங்களையும் ஏற்கக்கூடும். அடுத்து, ஓட்டைப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற விரிசல் இருந்தாலும் அம்முட்டையை விலக்குதல் வேண்டும்; பகை புகுவதற்கு அந்த வழியே போதும். எச்சமும் அழுக்கும் படிந்த முட்டையும் வேண்டா. பெட்டியில் அடைத்து விற்கும் முட்டையாயின், அதன்மேல் அச்சிட்ட நாளைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

பிறகு கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு முட்டைகளுள் கனமானதே பெரும்பாலும் புதியது; மற்றது நீரை இழந்து இலேசாகியிருக்கும். காதருகே வைத்து மெல்ல அசைத்தால், நாட்பட்ட முட்டை உள்ளே குலுங்குவதை உணரலாம். வலிந்து குலுக்குதல் கூடாது. நல்ல முட்டையும் அதனால் உள்ளே சிதையும். கையைக் குழல் போல் மடக்கி, அதன் ஒரு முனையில் முட்டையை வைத்து, விளக்கின் எதிரே பிடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். இக்காலத்தில் கைப்பேசியின் விளக்கே அதற்குப் போதும். இருண்ட இடத்தில் அகன்ற முனையை விளக்கோடு பொருத்தினால், காற்றறை ஒரு சிறு குல்லாய் போலத் தெரியும். அது சிறிதாக இருப்பின் முட்டை புதியது. பெரிதாக இருப்பின் நாட்பட்டது. உள்ளே ஒளி புகாமல் கறுத்துத் தோன்றினால் அதனை வாங்குதல் கூடாது. பழுப்பு ஓட்டில் இவையெல்லாம் எளிதில் புலப்படா.

முட்டையைப் பற்றித் தவறான எண்ணங்களும் பல உண்டு. பழுப்பு நிற முட்டை புதியது, வெள்ளை முட்டை பழையது என்பர் சிலர். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததன்று. மஞ்சள் கருவின் நிறம் கோழி உண்ட இரையைப் பொறுத்தது. கருவில் சிறு செம்புள்ளி காணப்பட்டால் முட்டை கெட்டது என்று அஞ்சுவர். முட்டை உருவாகும்போது நுண்ணிய குருதி நாளம் ஒன்று வெடித்ததன் அடையாளம் அது, கேடன்று. வெண்கரு சற்றே கலங்கலாக, வெண்மையாக இருப்பதைக் கண்டு ஐயுறுவர். கரியமில வாயு இன்னும் வெளியேறாததால் தோன்றும் அக்கலங்கல், புதுமையின் அடையாளமே ஆகும். அவித்த முட்டையின் ஓடு உரிபடாமல் வெண்கருவோடு பிய்ந்து வந்தால் கடைக்காரரை வைவர். மிகப் புதிய முட்டைதான் அவ்வாறு உரிபடாமல் பிடிவாதம் செய்யும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பசுமை கலந்த கருவளையம் தோன்றுவது, அதிக நேரம் அவித்ததனால் வெண்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் கூடியதன் விளைவு. அது சமைத்தவர் குறையே அன்றி முட்டையின் குறையன்று.

இவ்வாறு எல்லாச் சோதனைகளையும் கடந்து வந்த முட்டையிலும் அச்சத்துக்கு இடம் முற்றும் இல்லை என்று கூற இயலாது. சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர், புதிய முட்டையிலும் இருக்கக்கூடும். அது நாற்றத்தால் தெரியாது; நீரில் மிதக்கச் செய்யாது; விளக்கொளியிலும் புலப்படாது. நீர்ச் சோதனை வயதைக் காட்டும், நோயைக் காட்டாது. ஆகவே வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேக வைத்து உண்பதே நன்று. குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இது தவறாமல் செய்ய வேண்டியதாகும். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுதலும் வேண்டும்.

வாங்கி வந்த முட்டையைக் காக்கும் முறையும் அறியத்தக்கது. வாங்கியவுடன் கழுவி வைத்தல் பலர் வழக்கம். கழுவினால் ஓட்டின் மேற்பூச்சு நீங்கும்; காவலனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போல் ஆகும். சமைக்கும் வேளையில் கழுவுவதே போதும். நீர்ச் சோதனை செய்த முட்டைகளையும் துடைத்து, விரைவில் சமைத்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டில் முட்டையை அதன் உட்பகுதியில் வைக்க வேண்டும். அடிக்கடி திறந்து மூடும் கதவில் வைத்தல் நன்றன்று. அப்பெட்டி இல்லாத வீட்டில், வெயிலும் அடுப்பின் சூடும் படாத மூலையில், அகன்ற முனை மேலே இருக்குமாறு வைத்து, சில நாள்களுக்கு வேண்டிய அளவே வாங்குதல் வேண்டும். பழையவற்றை முன்னும் புதியவற்றைப் பின்னும் வைத்து, முன்னுள்ளவற்றையே முதலில் எடுத்தல் வேண்டும். சமைக்கும்போது ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பின்பே பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கும் கூடத்திலும், நால்வர் உண்ணும் வீட்டிலும் இவ்விதி ஒன்றே.

மீண்டும் அச்சிறுவனைக் காண்போம். அன்று மாலை அவன் கடைக்குச் சென்றான். காலையில் பொங்கிய சினம் அவனிடம் இல்லை. முட்டைத் தட்டுகள் கடை வாயிலில் அடுக்கப்பட்டிருந்தன. மேற்கு நோக்கிய கடை ஆதலால், மாலை வெயில் முழுதும் அவற்றின்மேல் விழுந்தது. காலையில் கண்ணில் படாத அக்காட்சி இப்போது அவன் கண்ணில் பட்டது.

“அண்ணா! காலையில் வாங்கிய முட்டைகளுள் ஒன்று கூழ்முட்டை. மூன்று நாட்பட்டவை. இரண்டு புதியவை. தட்டுகள் வெயிலில் இருப்பதால் விரைவில் கெடுகின்றன என்று நினைக்கிறேன்” என்றான்.

கடைக்காரர் அவனை வியப்போடு நோக்கினார். “மேல் தட்டு நேற்று வந்தது, தம்பி. கீழே இருப்பது எப்போது வந்தது என்று எனக்கே நினைவில்லை. இரண்டிலும் எடுத்துக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது” என்று கூறி, மேல் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தார். பின்பு தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடைக்குள் நிழலில் வைக்கத் தொடங்கினார். சிறுவனும் அவருக்கு உதவினான்.

காலையில் அவன் சென்றிருந்தால் நான்கு முட்டைகளோடு ஒரு பூசலும் உடைந்திருக்கும். பழையது வேறு, கெட்டது வேறு. அறியாமை வேறு, வஞ்சனை வேறு. இவற்றைப் பிரித்தறியாதவன் பொருளையும் இழப்பான், மனிதரையும் இழப்பான். நம்பி ஏமாறுவதும் அறிவன்று. ஐயுற்று எறிவதும் அறிவன்று. ஒரு பாத்திரம் நீரும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும். வாய் திறவாத முட்டையும் தன் வயதைச் சொல்லிவிடும்.